மூன்று கீழ்முந்திரி

ஒரு சோழர் காலக் கல்வெட்டுப் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது 'கூத்துக்காணி' என்ற சொல் வந்தது. கூத்தாடுபவருக்கு விடப்பட்ட நிலம் என்பது தெரிந்த பொருள்தான். இருந்தாலும் 'காணி'க்கு வேறென்ன பொருளெல்லாம் இருக்கு, பார்த்துவிடலாமே என்று வழக்கம்போலத் தமிழ் லெக்சிகனைத் திறந்தேன். எண்பதில் ஒரு பங்கு, ஒரு நில அளவு, பரம்பரை உரிமை என்று வரிசையாக வந்தது. இரண்டு நொடி வேலை.

அந்த இரண்டு நொடிக்குப் பின்னால் யார் யார் காசு இருக்கிறது என்று யோசித்ததில் வந்ததுதான் இந்தப் பதிவு.

லெக்சிகனை உருவாக்கியது சென்னைப் பல்கலைக்கழகம், அரசுப் பணத்தில். நான் திறந்த பக்கம் இருப்பதோ சிகாகோ பல்கலைக்கழகத்தின் சர்வரில். தெற்காசிய அகராதிகளை மின்வடிவத்துக்குக் கொண்டுவந்த அந்தத் திட்டத்துக்குப் பணம் கொடுத்தது அமெரிக்கக் கல்வித் துறை. வின்சுலோ, பெப்ரீசியஸ், பரோ-எமனோ திராவிட வேர்ச்சொல் அகராதி எல்லாம் அங்கேதான் கிடைக்கின்றன. தமிழில் கொஞ்சம் பழைய விஷயங்களைத் தோண்டுகிற எவரும், வேலையை விட்டுவிட்டு வந்த பேராசிரியரானாலும், என்னைப்போல ஆபீஸ் முடிந்து ராத்திரியில் உட்காருகிறவரானாலும், அங்கே போகாமல் இருக்க முடியாது.

கல்லூரியில் என்னோடு பி.இ. படித்த நண்பன் ஒருவன் இருபது வருஷமாக டெக்சாஸில் இருக்கிறான். 2025 ஏப்ரலில் அமெரிக்காவில் மானியங்கள் ரத்தான செய்தி வந்ததும் எங்கள் வாட்ஸப் குழுவில் நான் புலம்பினேன். அவன் கேட்டான்: "டேய், இங்க டாக்ஸ் கட்டுறது நான். காரைக்குடில எவரோ சேர்த்து வெச்ச நாடக நோட்டீஸுக்கு என் காசு எதுக்குடா?"

நியாயமான கேள்வி. அன்றைக்குக் கோபத்தில் ஏதோ எழுதிவிட்டேன். பதில் சொல்லவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. இப்போது நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

என்ன நடந்தது

'ஹ்யூமானிட்டீஸ்' என்பதற்குத் தமிழில் எல்லாரும் ஒப்புக்கொண்ட சொல் இல்லை. மொழி, இலக்கியம், வரலாறு, தத்துவம், தொல்பொருள் எல்லாம் சேர்ந்தது. இந்தப் பதிவில் 'மானுடப் புலங்கள்' என்று வைத்துக்கொள்கிறேன். இவற்றுக்கு நிதி தருவதற்கென்றே அமெரிக்காவில் ஓர் அரசு நிறுவனம் இருக்கிறது: நேஷனல் எண்டோமென்ட் ஃபார் தி ஹ்யூமானிட்டீஸ், சுருக்கமாக என்.இ.எச். 1965 செப்டம்பரில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் வந்தது. கலைகளுக்கான இன்னொரு நிதியமும் அதே சட்டத்தில் பிறந்த இரட்டைக் குழந்தை.

2024 நிதியாண்டில் என்.இ.எச்.சின் ஒதுக்கீடு 20.7 கோடி டாலர். கேட்டால் பெரிய தொகையாகத் தெரியும். அதே ஆண்டு அமெரிக்க மத்திய அரசின் மொத்தச் செலவு சுமார் 6.75 லட்சம் கோடி டாலர். வகுத்துப் பார்த்தால் சுமார் 32,600-ல் ஒரு பங்கு. காணி 80-ல் ஒன்று. முந்திரி 320-ல் ஒன்று. முந்திரியிலும் 320-ல் ஒன்று கீழ்முந்திரி, அதாவது 1,02,400-ல் ஒன்று. நம் பழைய கணக்கில் சொன்னால் இந்த ஒதுக்கீடு மூன்று கீழ்முந்திரியும் கொஞ்சமும். ஆளுக்கு வருஷத்துக்கு 62 சென்ட் வருகிறது. டெக்சாஸில் அந்தக் காசுக்கு ஒரு சமோசா கிடைக்குமா என்று நண்பன்தான் சொல்ல வேண்டும்.

இதை மூட வேண்டும் என்ற குரல் புதிதில்லை. 1995-ல் குடியரசுக் கட்சி காங்கிரஸைப் பிடித்ததும் பெரிய சண்டை நடந்தது. 17.2 கோடியாக இருந்த ஒதுக்கீடு அடுத்த ஆண்டு 11 கோடியானது. டிரம்ப்பின் முதல் ஆட்சியில் 2017 முதல் ஒவ்வொரு பட்ஜெட் முன்மொழிவிலும் பூஜ்யம் ஆக்கச் சொன்னார்கள். காங்கிரஸ் ஒவ்வொரு முறையும் மறுத்துப் பணம் கொடுத்தது. இதெல்லாம் முறைப்படி நடந்த சண்டை. சபையில் பேசி, ஓட்டுப் போட்டு, வெட்டியோ வெட்டாமலோ விட்டார்கள்.

2025-ல் நடந்தது வேறு. மார்ச் மாதம் நிறுவனத்தின் தலைவர் ஷெல்லி லோ ஜனாதிபதியின் சொல்படி விலகினார். ஏப்ரல் முதல் வாரத்தில், ஏற்கெனவே கொடுத்து நடந்துகொண்டிருந்த மானியங்கள் 1,400-க்கும் மேல் ஒரே வீச்சில் ரத்தாயின. கடிதம் ராத்திரியோடு ராத்திரியாக மின்னஞ்சலில் போனது. உங்கள் திட்டம் இனி எங்கள் முன்னுரிமைகளோடு பொருந்தவில்லை, ஜனாதிபதியின் செயல்திட்டத்துக்கு ஏற்ப நிதியைத் திருப்புகிறோம் என்பது அதன் சாரம். சில வாரங்களுக்குள் அந்தப் பணம் எங்கே திரும்புகிறது என்பதும் தெரிந்தது. 250 அமெரிக்க நாயகர்களுக்குச் சிலைத் தோட்டம் ஒன்று அமைக்கப்போகிறார்கள். ஒரு சிலைக்கு 2 லட்சம் டாலர் வரை. சிலை அரசியல் நமக்குப் புதிதா என்ன?

இங்கே ஒரு நேர்மை வேண்டும். என்.இ.எச். குற்றம் குறை இல்லாத அமைப்பு கிடையாது. பெரிய பல்கலைக்கழகங்களுக்கே பணம் போகிறது என்ற குறை பழசு. அதன் தலைவராக 1986 முதல் 1993 வரை இருந்த லின் சேனியே, தன் காலத்தில் நிதி பெற்ற வரலாற்றுப் பாடத் தரங்களை 1994-ல் கடுமையாகத் தாக்கினார். அடுத்த ஆண்டு நிறுவனத்தையே மூடிவிடலாம் என்றார். அடுத்த அரசு தன் கொள்கைப்படி அடுத்த மானியங்களைக் கொடுக்கட்டும். அது தேர்தலில் ஜெயித்தவர் உரிமை. ஆனால் துறை வல்லுநர்கள் படித்து மதிப்பிட்டு, குழு கூடி, கையெழுத்தாகி, ஆள் வைத்து, பாதி வேலை நடந்துகொண்டிருக்கும்போது நிறுத்துவது வேறு கதை. சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது நன்றாகவே புரியும். ஒரு டேட்டாபேஸ் மைக்ரேஷனைப் பாதியில் நிறுத்தினால் மீதிச் செலவு மிச்சமாகாது, அதுவரை செய்த செலவும் வீணாகும். பாதி பட்டியலிட்ட ஆவணக் காப்பகமும் அப்படித்தான். எந்தப் பெட்டி முடிந்தது, எந்தப் பெட்டி முடியவில்லை என்பது அந்த வேலையைச் செய்தவர் மண்டைக்குள் இருக்கும். அவரை வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது.

2025 ஜூலையில் நியூயார்க்கிலும் ஆகஸ்டில் ஓரிகனிலும் மத்திய நீதிமன்றங்கள் இந்த ரத்துகள் சிலவற்றுக்கு இடைக்காலத் தடை விதித்தன. நல்லதுதான். ஆனால் கலைந்து போன ஆட்களை எந்தக் கோர்ட்டும் கூட்டி வராது.

கோட்டையூருக்கும் வாஷிங்டனுக்கும் என்ன சம்பந்தம்

நண்பன் சொன்ன 'எவரோ' ரோஜா முத்தையா செட்டியார். காரைக்குடி பக்கத்தில் கோட்டையூர். விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் இருந்தவர். புத்தகம், பத்திரிகை மட்டுமில்லாமல் நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், துண்டுப் பிரசுரம், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் பொட்டலம் கட்டப் போட்டதையெல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் இறந்தபோது சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன.

அதைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. வாங்கி அமெரிக்காவுக்குக் கொண்டு போகவில்லை. 1994-ல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. பட்டியலிடுவதற்கும் மைக்ரோஃபிலிம் எடுப்பதற்கும் நிதி தந்தவர்களில் என்.இ.எச்.சும் ஒன்று. அமில நெடி அடிக்கும் அந்தக் காலத்துத் தாள் எப்படி நொறுங்கும் என்பது கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1920-களின் துண்டுப் பிரசுரம் ஒன்றை இன்றைக்கு நாம் படிக்க முடிகிறதென்றால், 90-களில் யாரோ உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படம் பிடித்ததால்தான்.

இது அமெரிக்கா நம் மேல் வைத்த பாசம் என்று நான் எண்ணவில்லை. 1957-ல் ரஷ்யா ஸ்புட்னிக் விட்டது. 1958-ல் அமெரிக்கா தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் கொண்டுவந்தது. உலக மொழிகளைப் படிக்க அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் வந்தது அந்தப் பயத்தில்தான். நம் ஊர்ப் புத்தகங்கள் அங்கே போன கதை இன்னும் சுவாரசியம். பி.எல். 480 திட்டத்தில் அமெரிக்கக் கோதுமை இந்தியாவுக்கு வந்தது. அதன் விலை ரூபாயாகவே இங்கே சேர்ந்தது. அந்த ரூபாயில் 1962 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் டெல்லி அலுவலகம் தமிழ் உட்பட இந்திய மொழி நூல்களை வாங்கி அங்குள்ள நூலகங்களுக்கு அனுப்பியது. ரேஷன் கோதுமைக்கு நம் பெற்றோர் காலத்தில் கொடுத்த காசு, சுற்றிச் சுற்றி அங்கே தமிழ்ப் புத்தகமாகப் போய்ச் சேர்ந்தது. ஆக, "என் காசு" என்று நண்பன் சொல்வதில் கொஞ்சம் அவன் தாத்தா காசும் இருக்கிறது.

அந்தப் பனிப்போர் வழிவந்த அயல்மொழி நிதியும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. அதைக் கவனித்துவந்த கல்வித் துறைப் பிரிவு 2025 மார்ச் ஆட்குறைப்பில் காலியானது.

தமிழை விட்டுவிட்டுப் பார்த்தாலும்

நமக்குச் சம்பந்தம் உள்ளதை மட்டும் பேசினால் நான் சுயநலமாகப் பேசுவதாகிவிடும். அடி பலமாக விழுந்தது அமெரிக்கச் சின்ன ஊர்களில்தான்.

என்.இ.எச். பணத்தில் பெரிய பங்கு, மாநில மானுடப்புல மன்றங்களுக்குப் போகும். மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் தீவுப் பகுதிகளும் சேர்த்து 56 மன்றங்கள். இவர்கள் செய்வது பெரிய ஆராய்ச்சி கிடையாது. ஊர் நூலகத்தில் கூடி ஒரு புத்தகத்தைப் பேசுவது, போரிலிருந்து திரும்பியவர்களை உட்காரவைத்து வாசிக்கச் செய்வது, சின்ன ஊர் மியூசியத்துக்குப் பழைய போட்டோக்களை ஒழுங்குபடுத்தித் தருவது, இப்படித்தான். லூயிசியானாவில் 1991-ல் ஆரம்பித்த ஒரு திட்டத்தில், பெற்றோரும் பிள்ளைகளும் சாயங்காலம் நூலகத்துக்கு வந்து சேர்ந்து கதை படிப்பார்கள், பேசுவார்கள். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் 1994 முதல் இந்த மன்றங்களோடு சேர்ந்து சின்ன ஊர்களுக்குக் கண்காட்சி கொண்டுபோகிறது. நியூயார்க்காரனுக்கு இதெல்லாம் தேவையில்லை, நாலு தெரு தாண்டினால் மியூசியம். மோண்டானாவின் ஒரு மூலையில் இருக்கிறவருக்கு வருஷத்தில் அந்த ஒன்றுதான்.

இந்த மன்றங்களுக்கு வரவேண்டியிருந்த சுமார் 6.5 கோடி டாலர் ஏப்ரலில் நின்றது. அம்மாதக் கடைசியில் மெல்லன் அறக்கட்டளை 1.5 கோடி டாலர் அவசர நிதி அறிவித்தது. மன்றம் ஒன்றுக்கு 2 லட்சம் டாலர். மேலே சொன்ன சிலைத் தோட்டத்தில் ஒரு சிலையின் உச்ச விலையும் 2 லட்சம் டாலர் என்பதை வாசகர் கவனிக்கலாம். ஒரு மாநிலத்தின் வாசிப்புக் கூட்டங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சிலைக்குச் சமம்.

தனியார் கொடுப்பார்களே?

நண்பனின் அடுத்த வாதம் இதுதான். "வேணும்னா விரும்புறவன் டொனேட் பண்ணட்டும்." மெல்லன் அறக்கட்டளை அமெரிக்காவிலேயே மானுடப் புலங்களுக்கு அதிகமாகக் கொடுக்கும் தனியார் அமைப்பு. அதாலேயே விழுந்த ஓட்டையில் கால்வாசியைக்கூட அடைக்க முடியவில்லை. பணக்காரப் பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ளும் என்றால், சிகாகோ பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும் அறக்கட்டளைச் சொத்து வைத்திருக்கிற இடம். 2025 ஆகஸ்டில் அதன் கலை, மானுடப் புலப் பிரிவு பல துறைகளில் அடுத்த ஆண்டு முனைவர் பட்டச் சேர்க்கையைக் குறைத்தது, சிலவற்றில் நிறுத்தியது. நெருக்கடி வந்தால் ஒரு நிறுவனம் முதலில் வெட்டுவது எதை என்பது கார்ப்பரேட்டில் வேலை பார்க்கிற நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நாமே கொடுத்த கதையும் இருக்கிறது. ஹார்வர்ட் தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்டினோம். தமிழக அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. டொராண்டோவிலும் திரட்டினார்கள். நானும் சின்னத் தொகை அனுப்பினேன், அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் ஒன்றைப் பார்க்க வேண்டும். இருக்கைக்கு ஒரு பெயர் உண்டு, திறப்பு விழா உண்டு, போட்டோ உண்டு. மைக்ரோஃபிலிம் அறைக்கு ஏசி கரண்ட் பில் கட்ட எந்த ஊர்த் தமிழ்ச் சங்கம் விழா எடுத்திருக்கிறது? பட்டியலில் 'ழ'வும் 'ள'வும் மாறிக் கிடப்பதைத் திருத்த ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று எந்த வள்ளலாவது யோசித்ததுண்டா? கொடுப்பவர் கண்ணுக்குத் தெரிவதற்குத்தான் கொடுப்பார். அது மனித இயல்பு, குற்றமாகச் சொல்லவில்லை.

தன்னார்வலர்? மதுரைத் திட்டம் 1998 பொங்கலில் தொடங்கி, சம்பளமில்லாமல் எத்தனை நூல்களை இணையத்தில் ஏற்றியிருக்கிறது! தமிழ் இணையத்தின் பெருமையே அதுதான். ஆனால் தன்னார்வலர் தனக்குப் பிடித்ததைத் தட்டச்சு செய்வார். சங்க இலக்கியத்துக்கும் கல்கிக்கும் பத்துப் பேர் கை தூக்குவோம். 1931-ஆம் ஆண்டு நாடக நோட்டீஸ் நாலாயிரத்தைப் பட்டியலிட வாங்க என்றால் குழுவே மௌனமாகிவிடும். முதலில் மௌனமாவது நானாகவும் இருக்கலாம்.

ஆதரிப்பவர்கள் சொல்லும் தப்பான வாதம்

என் விமர்சனம் வெட்டுகிறவர்கள் மேல் மட்டும் இல்லை. காப்பாற்ற வருகிறவர்கள் பேசுவதும் எனக்கு உறுத்துகிறது. "ஒரு டாலர் போட்டால் இத்தனை டாலர் திரும்ப வரும், சுற்றுலா வளரும், வேலைவாய்ப்பு வரும்" என்று ஆரம்பிக்கிறார்கள்.

இந்த வாதத்துக்கு என்னிடமே ஒரு பிரமாதமான உதாரணம் இருக்கிறது. 1987 நவம்பரில், நியூயார்க் மாநிலத்து வாஸர் கல்லூரியில் மொழி, இலக்கிய ஆய்வாளர்கள் கூடினார்கள். பழைய பிரதிகளைக் கணினியில் எப்படிக் குறிப்பது, பாடபேதத்தை எப்படிக் காட்டுவது என்பதற்கு ஒரு பொது முறை வேண்டும் என்பது பேச்சு. கூட்டத்துக்கு நிதி என்.இ.எச். அதிலிருந்து வந்ததுதான் டி.இ.ஐ. என்ற பிரதிக் குறியீட்டு முறை. அதன் ஆசிரியர்களில் ஒருவர் மைக்கேல் ஸ்பெர்பெர்க்-மெக்வீன், படிப்பால் ஜெர்மானிய இலக்கியக்காரர். 1998-ல் எக்ஸ்.எம்.எல். 1.0 வரையறை வெளியானபோது அதன் மூன்று ஆசிரியர்களில் அவர் ஒருவர். நீங்கள் அனுப்பும் வேர்ட் ஃபைலுக்குள்ளும், இ-புக்குக்குள்ளும், ஆண்ட்ராய்டு ஆப் திரை வடிவமைப்புக்குள்ளும் இருப்பது எக்ஸ்.எம்.எல். ஓலைச்சுவடி மாதிரியான சமாச்சாரத்தில் மண்டையை உடைத்தவர்களின் அனுபவம், நான் சம்பளம் வாங்கும் தொழிலுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

இதைச் சொன்னால் நண்பன் வாயடைத்துப் போவான். ஆனாலும் இதை என் முதன்மை வாதமாக வைக்க மாட்டேன். வைத்தால் அடுத்த கேள்வி வரும்: "சரி, எக்ஸ்.எம்.எல். தந்த திட்டத்தை வெச்சுக்கறோம். நோட்டீஸ் என்ன தந்துச்சு?" லாபக் கணக்கில் இறங்கிவிட்டால் அந்தக் கணக்கிலேயே தோற்கத்தான் வேண்டும். எது எப்போது பயன்படும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதவற்றை வைத்திருப்பதுதான் காப்பகத்தின் வேலையே.

லெக்சிகனையே பாருங்கள். 1913-ல் தொடங்கியபோது ஐந்து வருஷத்தில் ஒரு லட்ச ரூபாயில் முடித்துவிடலாம் என்றார்கள். முதல் தொகுதி 1924-ல்தான் வந்தது. ஆறு தொகுதிகள் 1936-ல் முடிந்தன, பிற்சேர்க்கை 1939-ல். செலவு 4 லட்சத்து 10 ஆயிரம். சாண்ட்லர் தொடங்கினார், கை மாறி மாறி, 1926 முதல் வையாபுரிப் பிள்ளை பொறுப்பேற்று முடித்தார். இன்றைய பிராஜெக்ட் மேனேஜர் கண்ணில் இது படுதோல்வி. பட்ஜெட் நாலு மடங்கு, கெடு ஐந்து மடங்கு. 1918-ல் ஒரு 'செயல்திறன்' அதிகாரி வந்து கணக்கைப் பார்த்திருந்தால், ஐந்து வருஷம் ஆச்சு, ஒரு தொகுதிகூட வரலை, மூடு என்று எழுதியிருப்பார். அவர் கணக்கில் தப்பே இருந்திருக்காது. 1,17,762 சொற்கள் நமக்குக் கிடைத்திருக்காது, அவ்வளவுதான்.

ஆக, நண்பனுக்கு என் பதில் இது. லாபம் வரும் என்பதற்காகவோ, பண்பாட்டுப் பெருமைக்காகவோ உன் 62 சென்ட்டைக் கேட்கவில்லை. இது பராமரிப்புச் செலவு. மெதுவாக, போரடிக்கிற மாதிரி, முப்பது வருஷம் தொடர்ச்சியாக நடக்க வேண்டிய வேலைகள் சில உண்டு. சந்தைக்கு அதில் லாபமில்லை. வள்ளலுக்கு அதில் பெயரில்லை. தன்னார்வலருக்கு அதில் ருசியில்லை. எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் போட்டால்தான் நடக்கும். சாக்கடை குழாயை யாரும் லாபக் கணக்கில் நியாயப்படுத்துவதில்லை.

நம் ஊரிலும் இதைப் புரிந்துகொண்டிருந்தார்கள். காஞ்சிபுரம் அருகே கிடைத்த கூரம் செப்பேட்டில், ஏழாம் நூற்றாண்டுப் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் ஓர் ஊரைத் தானமாகப் பங்கு பிரித்துக் கொடுக்கிறான். அதில் ஒரு பங்கு மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு. லூயிசியானா நூலகத்தில் சாயங்காலம் நடப்பதும் அதுதான். பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தப் பங்கை விளைவித்துக் கொடுத்தவனை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இன்றைக்கு என் நண்பன் "என் காசு எதுக்கு" என்று கேட்க முடிகிறதே, அதுதான் நமக்கும் பல்லவனுக்கும் உள்ள வித்தியாசம். கேட்கிறவனுக்குப் பதில் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

கடைசியாக, நம் வீட்டுக்குள்

அமெரிக்காவைத் திட்டி முடித்துவிட்டால் எளிது. ஆனால் அங்கே கோடாலி தெரிகிறது, சத்தம் கேட்கிறது, கோர்ட்டுக்குப் போகிறார்கள். இங்கே சத்தமே இல்லை.

சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்தது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி கட்டுகிறோம், இப்போது ரூபாய்க்கு 10 பைசா. தனியாக இதற்கென்றே மக்களிடம் வாங்கும் பணம். அதை வசூலிக்கும் உள்ளாட்சிகள் நூலக ஆணைக்குழுக்களுக்குக் கொடுக்காமல் பாக்கி வைப்பது வருஷா வருஷம் வருகிற செய்தி. யாரும் எந்த மானியத்தையும் ரத்து செய்யவில்லை, எந்தக் கடிதமும் வரவில்லை. பணம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. 2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை ஒரு பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. 424 கோடி ரூபாய் பாக்கி என்றார்கள். அரசு நிதியில் பெரும்பாலும் நடக்கும் நிறுவனத்துக்கு வரிவிலக்கு உண்டு. அந்தப் பல்கலைக்கழகத்தின் வருவாயில் மாநில அரசின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டதால் விலக்குக்குத் தகுதியில்லை என்பது வரித் துறையின் வாதம். அரசு கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விட்டதற்கு அபராதம் பல்கலைக்கழகத்துக்கு. அது வேறு எதுவுமில்லை, சென்னைப் பல்கலைக்கழகம்தான். இந்தப் பதிவின் முதல் பத்தியில் நான் திறந்த லெக்சிகனைச் செய்த இடம்.

ஒரு பக்கம் அகராதியைச் செய்தவர் நிலை இது. மறுபக்கம் அதை மின்வடிவமாக்கியவர் நிலை மேலே எழுதியது. நடுவில் நான் ராத்திரியில் 'காணி' தேடிக்கொண்டிருக்கிறேன்.

லெக்சிகன் முழுவதையும் டவுன்லோட் செய்து வைத்துக்கொண்டால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. என்னைப் போன்றவர்களுக்கு எல்லாவற்றுக்கும் பேக்கப்தான் தீர்வு. ஆனால் பேக்கப் எடுத்தால் 1939-ன் அகராதி என்னிடம் இருக்கும். அதில் இல்லாத சொல்லைச் சேர்க்கவும், தப்பான பொருளைத் திருத்தவும், புதிதாகப் படிக்கப்பட்ட கல்வெட்டைப் பார்க்கவும் சம்பளம் வாங்கும் ஆட்கள் வேண்டும். அவர்களை ஹார்ட் டிஸ்கில் போட முடியாது.

நண்பனுக்கு இந்தச் சுட்டியை அனுப்புகிறேன். அவனுடைய 62 சென்ட்டை நான் கொடுத்துவிடத் தயார். ஆனால் அவன் சொந்த ஊர் வீட்டுக்கு இன்னும் சொத்து வரி கட்டுகிறான் என்று எனக்குத் தெரியும். அந்த ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். அது எங்கே போனது என்று அவனும் கேட்கட்டும், நானும் கேட்கிறேன். கேட்பதற்கு இருவருக்கும் காணி உண்டு.